திரை போனால் மெஷினே போச்சா? பழைய சிஎன்சிக்குக் கட்டுப்படியாகும் வைத்தியம் என்ன?

காலை ஷிஃப்ட்டுக்கு வரும் ஆபரேட்டர் மெயின் ஸ்விட்சைப் போடுகிறார். கேபினெட்டில் ஃபேன் சுற்றுகிறது. ஹைட்ராலிக் மோட்டார் ஓடுகிறது. பேனலில் விளக்குகள் எரிகின்றன. திரை மட்டும் கறுப்பாகவே இருக்கிறது. "நேத்து ராத்திரி வரைக்கும் நல்லா ஓடிட்டிருந்துச்சுங்க" என்கிறார். முதலாளி நாலு பேருக்கு போன் போடுகிறார். ஒருவர் "அந்த மாடல் எல்லாம் இப்ப வர்றதில்லைங்க" என்கிறார். இன்னொருவர் "கண்ட்ரோலரையே மாத்திடுங்க" என்கிறார். மூன்றாமவர் "பழைய மெஷின் தானே, கொடுத்துட்டுப் புதுசு வாங்கிக்குங்க" என்கிறார்.

கணபதி, ஆவாரம்பாளையம், சின்னவேடம்பட்டி, குறிச்சி, மலுமிச்சம்பட்டி என்று கோவையைச் சுற்றி எந்தப் பட்டறைப் பகுதிக்குப் போனாலும் இந்தக் காட்சி புதிதல்ல. பம்ப் பாகம், மோட்டார் ஷாஃப்ட், வால்வு, ஜவுளி இயந்திர உதிரி என்று ஜாப் ஆர்டர் எடுத்து ஓட்டும் சின்னப் பட்டறைகளில் 20, 25 வயதான சிஎன்சி மெஷின்கள் இன்னும் சோறு போட்டுக்கொண்டிருக்கின்றன. அவற்றின் பெட், ஸ்பிண்டில், பால் ஸ்க்ரூ எல்லாம் நன்றாக இருக்கும்போதே, ஒரு சின்னத் திரை போனதற்காக மெஷினையே கழித்துக்கட்டுவது நியாயமா? தேவையில்லை என்பதே நம் பதில். ஆனால் அதற்குச் சில விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஊர் சேர்ந்து செய்ய வேண்டியதும் கொஞ்சம் இருக்கிறது.

பழைய திரை ஏன் போகிறது?

1980, 90களில் வந்த கண்ட்ரோலர்கள் பலவற்றில் இருந்தது பழைய டிவியில் இருந்த அதே பிக்சர் ட்யூப்தான். ஃபேனக் 0 சீரிஸ், சீமென்ஸ் சினுமெரிக் 810 போன்றவற்றில் 9 அங்குல ஒற்றை நிறத் திரை சாதாரணம். சில மாடல்களில் 14 அங்குலக் கலர் திரை. ட்யூபின் கழுத்தில் உள்ள ஹீட்டர் சூடாகி எலக்ட்ரான்களை வெளியே தள்ளுகிறது. ஃப்ளைபேக் டிரான்ஸ்ஃபார்மர் ஆயிரக்கணக்கான வோல்ட் கொடுத்து அவற்றை இழுத்துத் திரையில் மோத வைக்கிறது. வருஷக்கணக்கில் ஓடும்போது கெப்பாசிட்டர் வற்றிப்போகும், சால்டரிங் விட்டுப்போகும், ஃப்ளைபேக் கசியும், கடைசியில் ட்யூபே மங்கிப்போகும். கேபினெட் சூடு, கூலன்ட் ஆவி, ஃபவுண்ட்ரித் தூசி, ஏறி இறங்கும் கரண்ட் எல்லாம் சேர்ந்து அதன் ஆயுளை இன்னும் குறைக்கின்றன. புது ட்யூப் வாங்கலாம் என்றால், உலகம் முழுக்க டிவிக்கான ட்யூப் தொழிற்சாலைகளே மூடியாகிவிட்டன.

2000க்குப் பிறகு வந்த மெஷின்களில் எல்சிடி. அதில் பெரும்பாலும் முதலில் போவது திரைக்குப் பின்னால் வெளிச்சம் தரும் மெல்லிய ட்யூப் லைட்டும், அதை எரியவைக்கும் இன்வெர்ட்டர் கார்டும்தான். எழுத்து திரையில் இருக்கும். வெளிச்சம் இல்லாததால் நமக்குத் தெரியாது.

முக்கியமானது இதுதான்: திரை எதையும் யோசிப்பதில்லை. புரோகிராம், பாராமீட்டர், ஆஃப்செட் எல்லாம் கண்ட்ரோலரின் மெமரியில் இருக்கின்றன. கண்ட்ரோலர் அனுப்பும் சிக்னலைப் படமாகக் காட்டுவது மட்டும்தான் திரையின் வேலை. அதனால் அந்த சிக்னலைப் புரிந்துகொள்ளும் வேறு எந்தத் திரையும் அந்த இடத்தில் உட்காரலாம்.

உண்மையில் போனது எது?

பணம் செலவழிக்கும் முன் இதைக் கண்டுபிடிக்க வேண்டும். திரை கறுப்பாக இருந்தால் திரைதான் போயிருக்கிறது என்று அர்த்தமில்லை. அதற்கு வரும் கரண்ட் நின்றிருக்கலாம். சிக்னல் அனுப்பும் கார்டு போயிருக்கலாம். கண்ட்ரோலரே எழுந்திருக்காமல் இருக்கலாம்.

முதலில் கேபினெட்டைத் திறந்து மெயின் போர்டில் உள்ள எல்இடிக்களைப் பாருங்கள். சிவப்பு எரிந்தால் அது என்ன என்று மேனுவலில் பார்க்க வேண்டும். அப்போது புதுத் திரை வாங்கி மாட்டினாலும் பயன் இருக்காது. அடுத்து, திரைக்குப் போகும் கனெக்டரில் கரண்ட் வருகிறதா என்று மல்டிமீட்டரில் பார்க்க வேண்டும். சிறிய ஒற்றை நிறத் திரைகள் பலவும் 24 வோல்ட் டிசியில் ஓடுபவை. பெரிய கலர் திரைகளில் சில ஏசியில் ஓடும். லேபிளைப் பார்க்காமல் முடிவுக்கு வராதீர்கள்.

கரண்ட் வருகிறது, எல்இடியும் சரி என்றால், எல்சிடியாக இருந்தால் டார்ச் அடித்துச் சாய்வாகப் பாருங்கள். மங்கலாக எழுத்து தெரிந்தால் பேக்லைட்தான் போயிருக்கிறது. பழைய ட்யூபாக இருந்தால் கழுத்தில் ஹீட்டர் ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்கிறதா என்று தொடாமல், தள்ளி நின்று பார்க்கலாம். எல்லாவற்றையும் விட நிச்சயமான சோதனை, சிக்னல் கம்பியில் ஆஸில்லோஸ்கோப் வைத்துப் பார்ப்பது. அது இல்லாவிட்டால், பக்கத்துப் பட்டறையில் அதே மாடல் மெஷின் இருந்தால், இரண்டையும் ஆஃப் செய்துவிட்டு அந்தத் திரையைக் கொண்டுவந்து மாட்டிப் பார்க்கலாம். பகுதி எண் ஒன்றாக இருக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். "பட்டன் எல்லாம் மனப்பாடம்ங்க" என்று திரை இல்லாமலே மெஷினை ஓட்டுவது. எந்த அலாரம் நிற்கிறது, எந்த ஆஃப்செட் ஏறியிருக்கிறது என்று தெரியாமல் ஆக்ஸிஸ் நகர்ந்தால் டரெட் சக்கில் மோதும். அந்தச் செலவு திரையின் விலையை விடப் பல மடங்கு. அதைவிடப் பெரியது ஆபரேட்டரின் கை.

என்னென்ன வழிகள்?

ஒன்று, இருப்பதையே ரிப்பேர் செய்வது. ட்யூப் நன்றாக இருந்து, கெப்பாசிட்டரோ டிரான்சிஸ்டரோ சால்டரிங்கோ போயிருந்தால், பழைய டிவி மெக்கானிக் ஒருவரே சரிசெய்துவிடுவார். இதுதான் மிகக் குறைந்த செலவு. எல்சிடியில் பேக்லைட் மட்டும் போயிருந்தால் புது ட்யூபோ எல்இடி ஸ்ட்ரிப்போ போட்டு அதே பேனலை உயிர்ப்பிக்கலாம். ட்யூபே மங்கிவிட்டது என்றால் ரிப்பேரில் பணம் போடாதீர்கள்.

இரண்டு, செகண்ட் ஹேண்ட் திரை. உடனே கிடைத்தால் ஆர்டரைக் காப்பாற்றும். ஆனால் அதுவும் அதே வயசு, அதே வியாதி. தற்காலிக ஏற்பாடு என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

மூன்று, அந்தக் கண்ட்ரோலருக்கென்றே செய்யப்பட்ட எல்சிடி கிட். பழைய திரையைக் கழற்றிவிட்டு அதே ஸ்க்ரூ ஓட்டையில், அதே கனெக்டரில் மாட்டலாம். விலை கூடுதல்தான், ஆனால் தலைவலி குறைவு. இதை வாங்கும்போது கண்ட்ரோலர் மாடலை மட்டும் சொன்னால் போதாது. ஒரே கண்ட்ரோலர் ஒற்றை நிறத் திரையோடும் வந்திருக்கும், கலர் திரையோடும் வந்திருக்கும். திரையின் பின்னால் உள்ள லேபிள், கனெக்டர், பின் எண்ணிக்கை ஆகியவற்றைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். பொருந்தாவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று எழுத்தில் கேளுங்கள்.

நான்கு, கன்வெர்ட்டர் கார்டு போட்டு ஒரு சாதாரண எல்சிடியை நாமே இணைப்பது. பார்ப்பதற்கு எளிது, ஆனால் பலர் தடுக்கி விழுவது இங்கேதான். கம்ப்யூட்டர் மானிட்டர் நொடிக்குச் சுமார் 31,500 கோடுகளை எதிர்பார்க்கிறது. பழைய கண்ட்ரோலர்கள் பலவும் அதைவிடக் குறைவாக, 15,000லிருந்து 25,000 கோடு வரை அனுப்புகின்றன. நேராக மாட்டினால் மானிட்டர் 'அவுட் ஆஃப் ரேஞ்ச்' என்று சொல்லிவிட்டு இருண்டுவிடும். இடையில் கோட்டு எண்ணிக்கையை மாற்றித் தரும் கார்டு வேண்டும். பழைய வீடியோ கேம் மெஷின்களுக்காகச் செய்யப்பட்ட ஜிபிஎஸ் 8200 போன்ற கார்டுகள் சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கின்றன. அவை 15, 24, 31 கிலோஹெர்ட்ஸ் வட்டத்தில் வரும் சிக்னலை எடுத்துக்கொள்ளும்.

அடுத்த சிக்கல் வோல்டேஜ். பழைய கண்ட்ரோலர்கள் பலவும் 5 வோல்ட் அளவிலான டிஜிட்டல் சிக்னலை அனுப்பும். கார்டு எதிர்பார்ப்பது ஒரு வோல்ட்டுக்கும் குறைவு. நடுவில் ரெசிஸ்டர் போட்டு இறக்காமல் கொடுத்தால் கார்டு போய்விடும். மெஷினின் 24 வோல்ட்டை அப்படியே கார்டுக்குக் கொடுப்பதும் அதே கதைதான். ஷீல்டு உள்ள கேபிள், சரியான எர்த், கூலன்ட் உள்ளே போகாத பெட்டி இவை மூன்றும் இல்லாவிட்டால், மேசையில் நன்றாகத் தெரிந்த படம் ஸ்பிண்டில் ஓடியதும் ஆடத் தொடங்கும். எலக்ட்ரானிக்ஸ் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் மட்டுமே இந்த வழிக்குப் போங்கள்.

ஐந்து, கண்ட்ரோலரையே மாற்றுவது. சர்வோ டிரைவ், மோட்டார், கார்டு எல்லாம் அடுத்தடுத்துப் போய்க்கொண்டிருக்கிறது என்றால் இது சரியான முடிவாக இருக்கலாம். திரை மட்டும் போனதற்கு லட்சக்கணக்கில் கொட்டுவது தலைவலிக்குத் தலையை மாற்றுவது போல.

கையை வைக்கும் முன்

இரண்டு எச்சரிக்கைகளை எந்தக் காரணத்துக்காகவும் விடக் கூடாது.

முதலாவது, உயிர். பிக்சர் ட்யூப் மின்சாரத்தை நிறுத்திய பிறகும் உயர் வோல்டேஜைப் பிடித்து வைத்திருக்கும். ட்யூபின் கழுத்தை உடைத்தால் கண்ணாடி சிதறும். டிவி வேலை தெரிந்தவர் மட்டும் தொடட்டும். பட்டறைப் பையனிடம் "கழட்டிப் பாருப்பா" என்று சொல்லிவிடாதீர்கள்.

இரண்டாவது, பேட்டரி. பழைய கண்ட்ரோலர்களில் பாராமீட்டர் எல்லாம் ஒரு பேட்டரியின் தயவில்தான் மெமரியில் நிற்கிறது. மெஷினைப் பல நாள் ஆஃப் செய்து போட்டு, அந்தப் பேட்டரியும் இறங்கிவிட்டால், திரையோடு மெஷினின் நினைவும் போய்விடும். பேட்டரியைப் பல மாடல்களில் பவர் ஆனில் இருக்கும்போதுதான் மாற்ற வேண்டும். மேனுவலைப் பார்த்துச் செய்யுங்கள். திரை மங்கத் தொடங்கிய அன்றே, இன்னும் எழுத்து தெரியும்போதே, ஒவ்வொரு பாராமீட்டர் பக்கத்தையும் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். ஆர்எஸ் 232 கேபிள் வழியாகக் கம்ப்யூட்டரிலும் ஒரு நகல் எடுங்கள். ஒரு மதிய நேரத்தில் முடிகிற வேலை. இதைச் செய்யாமல் விட்டவர்கள்தான் பின்னால் பெரிய பில் கட்டுகிறார்கள்.

புதுத் திரை சில வாரம் பிரச்சினையில்லாமல் ஓடும் வரை பழையதைத் தூக்கிப் போடாதீர்கள். பிறகு குப்பையிலும் போடாதீர்கள். ட்யூப் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் கொடுக்க வேண்டும்.

கணக்கு என்ன சொல்கிறது?

திரையின் விலையை மட்டும் பார்ப்பது பாதிக் கணக்கு. மெஷின் நிற்கும் நாளும் செலவுதான். உதாரணத்துக்கு மணி ரேட் 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஷிஃப்ட்டில் 16 மணி நேரம் ஓடினால் ஒரு நாளைக்கு 4,800 ரூபாய். பத்து நாள் நின்றால் 48,000. அந்தப் பத்து நாளிலும் வாடகை நிற்காது, மின்சாரத்தின் நிலைக் கட்டணம் நிற்காது, வங்கித் தவணை நிற்காது. ஆர்டர் கொடுத்தவர் இன்னொரு பட்டறைக்குப் போனால் திரும்பி வருவார் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. ஆகவே மலிவான வழி என்பது குறைந்த விலைக்குக் கிடைக்கும் பொருள் மட்டுமல்ல, சீக்கிரம் மெஷினை ஓடவைக்கும் வழியும்தான். சில சமயம் கன்வெர்ட்டர் கார்டோடு இரண்டு வாரம் மல்லுக்கட்டுவதை விட, தயாராகக் கிடைக்கும் கிட்டை வாங்கி மூன்றாம் நாள் ஓட்டுவதே மலிவு.

இங்கேதான் பெரிய பட்டறைக்கும் சின்னப் பட்டறைக்கும் வித்தியாசம். பத்து மெஷின் வைத்திருப்பவர் வேலையை இன்னொரு மெஷினுக்கு மாற்றிக்கொள்வார். ஒரே மெஷின், கணவன் மனைவி இருவரும் ஆளுக்கொரு ஷிஃப்ட் என்று ஓட்டும் இடத்தில் அது நடக்காது. திரை போன அன்றே வருமானமும் நின்றுவிடுகிறது. அந்த அவசரத்தில் யார் என்ன சொன்னாலும் தலையாட்ட வேண்டிய நிலை.

ஊர் என்ன செய்யலாம்?

கோவைக்கு ரிப்பேர் என்பது அவமானமான வார்த்தை அல்ல. பஞ்சாலை இயந்திரங்களுக்கு உதிரி செய்து கொடுத்த பட்டறைகளிலிருந்துதான் இந்த ஊரின் பொறியியல் தொழில் வளர்ந்தது. 1937இல் ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரம் நாயுடுவும் மின் மோட்டார் செய்தார்கள். பாலசுந்தரம் நாயுடுவின் டெக்ஸ்டூல் 1982இல் சிஎன்சி லேத்தே செய்தது. அப்படிப்பட்ட ஊரில் ஒரு 9 அங்குலத் திரைக்காக ஒரு குடும்பம் மெஷினைப் பழைய இரும்பு விலைக்குக் கொடுக்கிறது என்றால், குறை திறமையில் இல்லை. இருக்கிற அறிவு ஓரிடத்தில் சேராமல் சிதறிக் கிடப்பதில்தான்.

எந்தக் கண்ட்ரோலரில் எந்தப் பின்னில் எந்த சிக்னல் வருகிறது என்பது இன்று சில மெக்கானிக்குகளின் நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறது. அவர்களுக்கும் வயதாகிறது. அதைத் திரட்டி ஒரு பொது ஏடாக்க வேண்டும். பம்ப், மோட்டார்களைச் சோதிக்க இந்த ஊர்த் தொழில் துறை சேர்ந்து சிடார்க் என்ற சோதனை மையத்தையே உருவாக்கியிருக்கிறது. கொடிசியா, சீமா, டேக்ட் என்று சங்கங்களுக்கும் பஞ்சமில்லை. ஒரு ஆஸில்லோஸ்கோப், சில கன்வெர்ட்டர் கார்டுகள், முக்கிய மாடல்களுக்கு மாற்றுத் திரை ஒன்றிரண்டு, வேலை தெரிந்த இருவர் என்று ஒரு பொது மேசை அமைப்பது அவர்களுக்குப் பெரிய காரியம் அல்ல. திரை போனவர் வாடகைக்கு ஒரு மாற்றுத் திரையை எடுத்துப் போய் மெஷினை ஓட்டிக்கொண்டே, நிதானமாக நிரந்தர வழி பார்க்கலாம். அவசரம் போனாலே பேரம் பேசும் பலம் வந்துவிடும்.

தமிழ்நாட்டில் 71 அரசு ஐடிஐக்கள் நவீன தொழில்நுட்ப மையங்களாக மேம்படுத்தப்பட்டிருக்கின்றன. ரோபோ கற்றுத் தரும் அந்தக் கூடங்களில், பழைய கண்ட்ரோலர்களைப் பழுதுபார்ப்பதும் ஒரு பாடமாகட்டும். படித்து வரும் பிள்ளைக்கு உள்ளூரிலேயே வேலை இருக்கிறது.

அரசின் பங்கும் இருக்கிறது. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24 அன்று பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளத்தைத் தொடங்கியது. விவசாயக் கருவிகள், செல்போன் போன்ற மின்னணுப் பொருட்கள், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் என நான்கு துறைகளை முதலில் எடுத்துக்கொண்டது. தொழிற்சாலை இயந்திரம் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் ஒற்றை மெஷின் வைத்திருப்பவருக்கு அது விவசாயிக்கு டிராக்டர் போலத்தான். அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் 2023இல் விவசாய இயந்திரங்களுக்குப் பழுதுபார்க்கும் உரிமைச் சட்டமே இயற்றியது. பிழைப்புக்கான இயந்திரத்தையும் இந்த உரிமைக்குள் கொண்டுவரலாம் என்பதற்கு அது உதாரணம்.

தெரியாதவர்கள் கை வைத்தால் விபத்து வரும், தொழில்நுட்ப ரகசியம் வெளியே போகும் என்று தயாரிப்பாளர்கள் தரப்பில் சொல்லப்படுவதுண்டு. முதல் கவலை நியாயமானது. அதற்கான தீர்வு சரியான தகவலை வெளியிடுவது. பின் எண் தெரியாமல் தடவிப் பார்ப்பவருக்குத்தான் ஆபத்து அதிகம். இரண்டாவது கவலைக்கு இங்கே இடமில்லை. 30 வருடப் பழைய திரையின் கனெக்டரில் எந்தக் கம்பி எதற்கு என்பது யாருடைய தொழில் ரகசியத்தையும் உடைக்காது. எவ்வளவு பழைய கண்ட்ரோலராக இருந்தாலும் சர்வீஸ் தருவோம் என்று அறிவித்திருக்கும் ஃபேனக் போன்ற தயாரிப்பாளர்களும் இருக்கிறார்கள். அது வரவேற்கத்தக்கது. வாடிக்கையாளருக்கு இரண்டாவது வழியும் திறந்திருந்தால்தான் முதல் வழியின் விலையும் நியாயமாக இருக்கும்.

அதுவரை, பழைய சிஎன்சி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் இந்த வாரமே செய்யக்கூடியது ஒன்று உண்டு. திரை நன்றாக எரிகிறதா? அப்படியானால் இன்றைக்கே பாராமீட்டர்களைப் படம் எடுங்கள், பேட்டரியைப் பாருங்கள், திரைக்குப் பின்னால் உள்ள லேபிளையும் கனெக்டரையும் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். திரை என்றாவது ஒரு நாள் போகத்தான் போகிறது. அன்றைக்கு மெஷின் போய்விட்டது என்று யாராவது சொன்னால், "இல்லைங்க, திரை மட்டும்தான்" என்று சொல்லும் தைரியம் உங்களுக்கு இருக்கும்.